தன் கதையும் பிறர் செவியும்

தமக்கு நேர்ந்தவற்றைத் தாமே எழுதிப் பிறர் முன் வைக்கும் எழுத்து இன்று தமிழிலே பெருகி வருகின்றது. நாட்குறிப்பு, நினைவுக் குறிப்பு, தன்வரலாறு, போர்க்களக் குறிப்பு, புலம்பெயர்ந்தோர் மடல் எனப் பல வடிவங்களில் அது வெளிவருகின்றது. அச்சகத்தையும் பதிப்பாளரையும் எதிர்பார்த்து நின்ற காலம் கழிந்து, கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் தம் துயரையும் மகிழ்வையும் இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் ஊரறியச் செய்யும் காலம் வந்துள்ளது. இப்பெருக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதிலே நமது விமர்சகரிடையே தெளிவு காணப்படவில்லை.

ஒரு சாரார் இதனைத் தற்பெருமை என்று ஒதுக்குகின்றனர். வீட்டுக்குள் இருக்க வேண்டியதை வீதிக்குக் கொண்டுவருவது பண்பாடன்று என்பது அவர்தம் வாதம். மறு சாரார், எழுதியவர் உண்மையாகவே அனுபவித்தது என்ற ஒரே காரணம் பற்றி எதனையும் இலக்கியமென ஏற்றுப் போற்றுகின்றனர். முதற் சாரார் எழுதுபவனின் குணத்தை விசாரிக்கின்றனர். இரண்டாஞ் சாரார் அவனது நேர்மையை மெச்சுகின்றனர். இரு திறத்தாரும் தனிமனிதனோடு நின்றுவிடுகின்றனர். தனக்கென எழுதியதை மற்றொருவர் படிக்க வேண்டும் என்ற வேட்கை ஒருவருக்கு ஏன் எழுகின்றது, எத்தகைய சமுதாய நிலைமைகளிலே அது வலுப்பெறுகின்றது என்ற வினாவை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பதே ஈண்டு நமது நோக்கமாகும்.

தன்னைப் பற்றிப் பேசுதல் தமிழ் மரபன்று, அது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை முதலிலே ஆராய்தல் வேண்டும். அகத்திணைப் பாட்டிலே தலைவன் தலைவியரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கின்றது. இவ்விதி தனிமனித உணர்வைத் தடைசெய்யவில்லை. அதனை வெளியிடுதற்கு ஒரு நிபந்தனையை மட்டும் வகுத்தது. பெயரை நீக்கிய பின், ஒருத்தியின் ஏக்கம் கேட்போர் அனைவருக்கும் உரியதாயிற்று. பின்வந்த பக்தி இயக்கத்திலே நாயன்மாரும் ஆழ்வாரும் தம் பிழையையும் தவிப்பையும் தம் வாயாலேயே பாடினர். இறைவன் என்ற செவி அவர்களுக்கு இருந்தது. கற்றோர் பாடியவை இவை.

எழுதப் படிக்க அறியாத மக்களுக்கு ஒப்பாரி இருந்தது. செத்த வீட்டிலே ஒருத்தி மாரடித்து அழும்போது, இறந்தவரின் பெருமையோடு அவள் நிற்பதில்லை. புகுந்த வீட்டிலே தான் பட்ட பாடு, உடன்பிறந்தார் கைவிட்டமை, சீதனத்தால் வந்த வினை ஆகிய யாவும் அவ்வழுகையின் ஊடே ஊரார் முன் சொல்லப்பட்டுவிடும். கூடியிருப்போர் அதனைத் தற்பெருமை என்று கருதியதில்லை. கட்டியணைத்து உடன் அழுதனர். எனினும் இதனைப் பொற்காலமென்று புகழ நாம் முன்வரவில்லை. செத்த வீட்டுக்கு வெளியே அவள் வாய் அடைக்கப்பட்டிருந்தது. நிலமானிய சமுதாயம் அவளுக்கு ஓர் இடத்தையும் சில மணி நேரத்தையுமே அளித்தது. ஆயினும் தன் துயரை மற்றவர் அறியச் சொல்லும் தேவை நம்மவர்க்கு இறக்குமதியான சரக்கன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எழுதுவோர் எல்லாருக்கும் இவ்வேட்கை ஒரே வகையாக எழுகின்றதா என்று பார்ப்போம். தமிழிலே நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியிலே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாசியாகப் பணியாற்றிய அவர், 1736 முதல் 1761 வரை தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவந்தார். கப்பல் வரவு, சரக்கு விலை, படை நகர்வு, ஆளுநர் மாளிகைச் சூழ்ச்சி, தம் மனக்குறை எல்லாம் அதிலுண்டு. அவர் அதனை வெளியிட முயன்றாரல்லர். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் அச்சேறியபோதே உலகம் அதனைப் பரவலாக அறிந்தது. கேட்பாரின்றித் தவித்தவரல்லர் பிள்ளை. ஆளுநரும் வணிகரும் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். அதிகாரத்துக்கு அண்மையில் இருந்தவருக்கு நாட்குறிப்பு ஒரு கணக்கேடாகப் பயன்பட்டது. பிறர் படிக்க வேண்டும் என்ற ஆவல் அவரைப் பெரிதும் வருத்தியதாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையை ஆன் பிராங்க் என்ற சிறுமியிடம் காண்கின்றோம். 1942ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி, தன் பதின்மூன்றாவது பிறந்தநாளிலே அவளுக்கு ஒரு குறிப்பேடு கிடைத்தது. அடுத்த மாதமே அவளது யூதக் குடும்பம் நாசிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்ரடாமிலே ஒரு கட்டடத்தின் பின்புறத்தில் ஒளிந்து வாழத் தொடங்கியது. எட்டுப் பேர் அங்கே அடைபட்டிருந்தனர். கிற்றி என்ற கற்பனைத் தோழிக்கு மடல் எழுதுவது போல அவள் எழுதிவந்தாள். 1944 மார்ச் 28ஆந் திகதி இலண்டனிலிருந்து ஒலிபரப்பான ஓர் உரையிலே, நாடுகடந்திருந்த டச்சு அரசின் கல்வி அமைச்சர் பொல்கஸ்ரைன், போர்க்கால வாழ்வைக் காட்டும் நாட்குறிப்புகளும் மடல்களும் போருக்குப் பின் திரட்டப்பட வேண்டும் என்றார். அதனைக் கேட்ட ஆன், மே மாதத்திலே தன் குறிப்புகளை முதலிலிருந்து திருத்தி எழுதலானாள். சிலவற்றை நீக்கினாள், சிலவற்றை விரித்தாள், உடனிருந்தோர்க்கு மாற்றுப் பெயர்களை வகுத்தாள், நூலுக்குத் தலைப்பும் தேர்ந்தாள். ஆகஸ்ட் 4ஆந் திகதி அவர்கள் பிடிபட்டனர். 1945இல் அவள் பெர்கன்-பெல்சன் முகாமிலே மாண்டாள். ஒளிந்திருந்தோருள் உயிர் தப்பிய ஒரே ஒருவரான தந்தை 1947இல் அந்நூலை வெளியிட்டார்.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அந்த வானொலி உரைக்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தையாகும். வெளியே தன்னைக் கேட்கப்போகும் ஒரு சமுதாயம் உண்டு என்ற செய்தி வந்ததும், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த சிறுமி எழுத்தாளராகின்றாள். எதைச் சொன்னால் அயலார்க்கு விளங்கும், எது மிகை, எவர் பெயரை மறைத்தல் முறை என்ற கேள்விகள் அவளுக்கு அப்பொழுதே பிறக்கின்றன. கலைக்கு வேண்டிய ஒழுங்கு, கேட்போன் ஒருவன் தோன்றும்போதே எழுத்துக்குள் நுழைகின்றது. தனிமனித எழுத்தைப் பிறரோடு பகிர்ந்தால் அதன் தூய்மை கெடும் என்போர்க்கு இதுவே தக்க விடையாகும்.

வேறொரு சான்று போலந்து நாட்டிலிருந்து கிடைக்கின்றது. உலகப் பொருளாதார மந்தம் தொழிலாளரை வீதிக்குத் துரத்திய வேளையிலே, 1931இல், வார்சோவிலிருந்த சமூகப் பொருளாதார ஆய்வு நிறுவனமொன்று வேலையற்றோர் தம் வாழ்வைத் தாமே எழுதி அனுப்புமாறு ஒரு போட்டியை அறிவித்தது. 700க்கும் மேற்பட்ட எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவை 1933இல் நூலாயின. பின்னர் விவசாயிகளின் நினைவுக் குறிப்புகளும் அவ்வாறே திரட்டப்பட்டன. பரிசின் பொருட்டே இத்தனை பேரும் எழுதினர் எனல் பொருந்தாது. வேலையிழந்தவன் வெட்கத்தோடு வாழ்பவன். உழைக்கத் தெரியாதவன், துப்புக்கெட்டவன் என்று அயலார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, குற்றம் தன்னுடையதே என்று அவன் நம்பத் தலைப்படுகின்றான். அவன் கதையைத் தனியே படித்தால் ஒருவனின் விதி என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடலாம். அதனை மற்றையோர் கதைகளோடு சேர்த்துப் படிக்கும்போது பழி இடம் மாறுகின்றது. சோம்பலும் கெட்ட காலமும் ஒரே சமயத்திலே இத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்க முடியாது என்பது புலனாகின்றது. முதலாளித்துவப் பொருளாதாரத்தின் நெருக்கடி அங்கே தனிமனிதர் வாயிலாகப் பேசுகின்றது.

ஆகவே தன் கதையைப் பகிரும் வேட்கையின் உள்ளே ஒரு கேள்வி மறைந்திருக்கின்றது என்பது நமது துணிபு. இது எனக்கு மட்டுமா நேர்ந்தது என்பதே அக்கேள்வி. தனித்திருந்து அதற்கு விடை காண இயலாது. நண்பரிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கலாம். அறியாத ஒருவர் படித்து, எனக்கும் அவ்வாறே என்று சொல்லும்போதே விடை கிடைக்கின்றது. உற்றாரிடம் சொல்லக் கூசுவதை முன்பின் அறியாதோர் முன் மனிதர் எழுதத் துணிவதன் காரணமும் இதுவேயாகும். உற்றாருக்கு அவரைப் பற்றிய தீர்ப்பு ஏற்கனவே உண்டு.

நமது மொழிக்கு மீள்வோம். தன்வரலாறு எழுதும் உரிமை நெடுங்காலம் பெரியோர்க்கே உரியதாயிருந்தது. உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தை 1940 முதல் ஆனந்த விகடனிலே தொடராக எழுதியபோது எவரும் முகஞ்சுளிக்கவில்லை. ஏட்டுச் சுவடிகளை மீட்டவர் என்ற தகுதி அவருக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தது. சாதனை புரிந்தவர் எழுதினால் சரித்திரம், சாதாரண மனிதர் எழுதினால் தம்பட்டம் என்ற அளவுகோலே இங்கு தொழிற்பட்டது. இவ்வளவுகோலை முறித்த நூல்கள் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தன.

டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலே முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே சிறுகதை எழுதியவர். தண்ணீரும் கண்ணீரும் என்ற தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கியவர். அவரது தன்வரலாறு, எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம் என்ற பெயரில் 1999இல் வெளியாயிற்று. 1960களின் தொடக்கத்திலே மரபு பற்றிய விவாதம் நிகழ்ந்தபோது, முற்போக்கு எழுத்தாளரின் மொழியை இழிசனர் வழக்கென்று பண்டிதர் சிலர் இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியின் வேர் இலக்கணத்திலே இருக்கவில்லை; சாதியிலே இருந்தது. ஜீவாவின் தன்வரலாறு அதற்குப் பிந்திவந்த பதில் எனலாம். சாதியின் பெயரால் தமக்கு நேர்ந்த அவமதிப்பை அவர் ஊரறிய எழுதியபோது, வெட்கம் அவமதித்தோரைச் சென்றடைந்தது.

1992இல் தமிழகத்திலே வெளியான பாமாவின் கருக்கு இன்னொரு படி முன் சென்றது. தலித் கிறித்தவப் பெண்ணொருத்தி தன் சேரி வாழ்வையும், கன்னியர் மடத்திலே புகுந்து பின் வெளியேறியமையையும் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். இருபுறமும் அறுக்கும் பனங்கருக்கையே நூலின் பெயராக்கினார். அதன் கூர்மை அவரையும் அறுத்தது. நூல் வெளிவந்ததும் அவரது ஊரவரே சினங்கொண்டு, சில காலம் அவர் ஊருக்குள் வர இயலாத நிலை ஏற்பட்டது. இச்செய்தியை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. தன் கதை என்று நாம் எழுதுவதிலே அயலவர் கதையும் பின்னியிருக்கின்றது. தாயும் மனைவியும் அயல்வீட்டாரும் தம்மைப் பற்றி எழுதுமாறு எவரையும் வேண்டவில்லை. உண்மை என்ற பெயரிலே மற்றவர் மானத்தைச் சந்தைப்படுத்தும் எழுத்துக்கும், ஒரு சமூகத்தின் இழிநிலைக்குக் காரணமானோரைச் சுட்டும் எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. கருக்கு இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதைக் காலம் காட்டிற்று. பின்வந்த தலித் தன்வரலாறுகள் பலவற்றுக்கு அது வழிதிறந்தது.

நமது நாட்டிலே இவ்வினா போருக்குப் பின் கூர்மையடைந்துள்ளது. 2009இல் போர் முடிந்ததன் பின், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010 முதல் 2011 வரை சாட்சியம் கேட்டது. காணாமற்போனோரை விசாரிக்க 2013இல் மற்றோர் ஆணைக்குழு அமைந்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. ஒவ்வொன்றின் முன்னும் தாய்மார் அதே புகைப்படத்தோடு வந்து அதே கதையைச் சொல்லினர். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், திகதி என்ற கட்டங்களுக்குள் அடங்குவது பதியப்பட்டது. மகன் விரும்பி உண்ட கறி எது, அவன் போன பின் வீட்டிலே எக்கதவு பூட்டப்படாமல் விடப்பட்டிருக்கின்றது என்பதற்கு விண்ணப்பப் படிவத்திலே கட்டமில்லை. 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிலே தாய்மார் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கேட்பதாகச் சொன்ன செவிகள் கேட்டும் விடையளிக்காதபோது, மக்கள் வேறு செவிகளைத் தேடுகின்றனர். போர் பற்றிய நினைவுக் குறிப்புகள் நம்மிடையே பெருகியமைக்கு இதனை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

அவற்றை நாம் எவ்வாறு படித்தோம்? விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவிலே பொறுப்பு வகித்த தமிழினி 2015 ஒக்டோபரிலே மறைந்தார். அவரது ஒரு கூர்வாளின் நிழலில் 2016இல் வெளியாயிற்று. நூலைப் படித்து முடிக்கு முன்னரே, அவர் எப்பக்கத்தவர், எழுதியவை அவருடையனவேதானா என்ற வழக்காடல் தொடங்கிவிட்டது. கேள்வி கேட்க வாசகருக்கு உரிமை உண்டு; வரலாற்றுச் சான்றாக வரும் எழுத்தை ஐயத்தோடு ஆராய்தல் கடமையுங்கூட. ஆனால் ஒரு தலைமுறைப் பெண்கள் ஏன் ஆயுதமேந்தினர், தோல்வியின் பின் அவர்களைச் சமுதாயம் எவ்வாறு நடத்திற்று என்று அந்நூல் எழுப்பும் வினாக்களை அவ்வழக்காடல் மூடிவிட்டது. ஆணைக்குழுக்களின் கட்டங்களைக் குறை கூறும் நாம், ஆதரவு, துரோகம் என்ற இரு கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு படித்தோம் எனின் அது மிகையாகாது.

பகிரும் உரிமை உண்டெனின் பகிராதிருக்கும் உரிமையும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி 1991 மே மாதம் தம் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன், தம் கைவசமிருந்த கவிதைகளை எரித்தார். பிறர் கையிலிருந்தவை 1993இல் நூலாயின. அந்நூல் இல்லையேல் அக்காலத்து இளந்தலைமுறையின் மூச்சுமுட்டலை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்க மாட்டோம். எனினும் எரித்தவரின் விருப்பத்தை மீறியே நாம் அவற்றைப் படிக்கின்றோம் என்ற உணர்வு நமக்கு இருத்தல் வேண்டும். கேட்போர் இல்லை என்று ஒருவர் முடிவுசெய்யும் அளவுக்குச் சூழல் இறுகியிருந்தமையும் நமது இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இன்று வேறொரு இடர் தோன்றியுள்ளது. சொந்தத் துயர் விலைபோகும் பண்டமாகி வருகின்றது. எவருடைய கண்ணீருக்குக் கூட்டம் அதிகம் என்பதைக் கணந்தோறும் எண்ணிக் காட்டும் கருவி கையிலே இருக்கையில், எழுதுபவர் தமக்கு நேர்ந்ததை விடுத்து, பிறர் விரும்புவதற்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளத் தொடங்குகின்றார். விளம்பரத்தாற் பொருளீட்டும் நிறுவனங்களுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே சரக்கு. கேட்கும் செவியை நாடிவந்தவருக்குப் பார்க்கும் கண்கள் மட்டும் கிடைக்கின்றன. இதற்கு எழுதுபவரைப் பழித்துப் பயனில்லை. அவரது தேவை உண்மையானது. அத்தேவையைக் கொண்டு வணிகம் நடத்துவோரே விசாரிக்கப்பட வேண்டியவர்.

ஆதலின் தன்னெழுத்தை மதிப்பிடும் விமர்சகன் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும் என்பது நமது கருத்து. எழுதியவரின் அனுபவத்திலே, அவரைப் போன்ற பிறர் தம்மை அடையாளங் காண இயலுகின்றதா? துயரைச் சொல்லும் எழுத்து, அத்துயரின் காரணத்தை நோக்கி ஓர் அடியேனும் எடுத்து வைக்கின்றதா? கதையுள் இழுக்கப்பட்ட எளியோரின் மானத்துக்கு அது மதிப்பளிக்கின்றதா? நடையழகும் வடிவ நேர்த்தியும் இவற்றோடு சேர்த்து நோக்கப்பட வேண்டியவையே. ஆன் பிராங்க் திருத்தி எழுதியதை நினைவிற் கொண்டால், அனுபவம் இருந்தாற் போதும், எழுத்துப் பயிற்சி வேண்டியதில்லை என்ற வாதம் நில்லாது.

இப்பயிற்சி எங்கே தொடங்குகின்றது? நமது பாடசாலைகளிலே சுயசரிதைக் கட்டுரை என்ற ஒன்று நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றது. நான் ஒரு பழைய குடை, நான் ஒரு நாணயக் குற்றி, நான் ஒரு கிழிந்த புத்தகம் என்பன தலைப்புகள். மாணவர் குடையின் பிறப்பையும் அது விற்கப்பட்ட கடையையும் அது குப்பையிலே எறியப்பட்டமையையும் உருக்கமாக எழுதுகின்றனர். எறியப்பட்ட குடைக்கு இரங்கும் அப்பிள்ளைகளுள், முகாமிலே பிறந்தவர் உண்டு. தந்தையைக் காணாதவர் உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து பல மைல் நடந்து வருபவர் உண்டு. அவர்களது சரிதைக்குப் பாடவேளை ஒதுக்கப்படுவதில்லை. கற்பனையை வளர்க்கக் குடையின் கதை உதவலாம். அதனோடு நின்றுவிடுவது பொருந்தாது. விரும்பும் மாணவர் தம் வீட்டையும் தெருவையும் பற்றி எழுதுமாறு ஆசிரியர் ஊக்கலாம். விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. எழுதியதை வகுப்பிலே வாசிக்க வேண்டுமா என்பதை எழுதியவரே முடிவுசெய்யட்டும்.

சஞ்சிகைகளுக்கும் இதிலே பங்கு உண்டு. போலந்திலே ஓர் ஆய்வு நிறுவனம் செய்ததை நம்மிடையே ஒரு சிற்றேடு சிறிய அளவிலேனும் செய்யக்கூடும். தோட்டத் தொழிலாளர், கடற்றொழிலாளர், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், மத்திய கிழக்கிலே வீட்டு வேலை செய்து திரும்பியோர் ஆகியோரின் எழுத்துக்களைக் கேட்டு வாங்கி, அவர்கள் இசைவோடு, தனித்தனியே சிதறவிடாது ஒருங்கு சேர்த்து வெளியிடலாம். எழுதத் தெரியாதோர் சொல்ல, எழுதத் தெரிந்தோர் அவர்கள் சொல் மாறாது எழுதலாம். வந்தவற்றைப் படித்து விடை எழுதும் பொறுப்பை வாசகர் வட்டங்கள் ஏற்கலாம். பெரும் பொருட்செலவு இதற்கு வேண்டியதில்லை. எழுதியவருக்கு ஒரு பதில் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை வேண்டும். அவ்வக்கறையை எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர்களும் இப்போதே செயலிற் காட்டுதல் நன்று.